அணுக்கியார்

(திருவாலங்காட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரின் பெயரைச் சொன்னால் வரலாறு படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது செப்பேடு. 1905இல் கிடைத்த 31 ஏடுகள். முதலாம் ராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில், பழையனூரை இங்கே கோயில் கொண்டுள்ள இறைவனுக்குக் கொடுத்ததைச் சொல்லும் ஆவணம் அது. கொடையைச் சொல்லுமுன் சோழர் குலமுறையை நெடுக அடுக்குகிறது. சூரியனில் தொடங்கி ராஜேந்திரன் வரை அரசர்கள் வரிசையாக வருகிறார்கள். பெண்கள் மிகச் சிலரே வருகிறார்கள், அவர்களும் ஒருவனின் தாயாகவோ மனைவியாகவோதான் வருகிறார்கள். சுந்தர சோழன் இறந்தபோது அவனைப் பின்தொடர்ந்து உயிர் நீத்த வானவன்மாதேவி அந்தச் சிலரில் ஒருத்தி. அரச குடும்பத்துப் பெண் ஆவணத்துக்குள் நுழைவதற்கு அன்று இருந்த வாசல்கள் இவை என்று நாம் முடிவு கட்டிவிடலாம். ஆனால் இந்தச் செப்பேட்டை வெட்டுவித்த அதே அரசனின் காலத்தில், திருவாரூரில், இந்த இரண்டு வாசலிலும் நுழையாத ஒரு பெண் கல்வெட்டில் நிமிர்ந்து நிற்கிறாள். அவள் பெயர் பரவை நங்கை. இன்று அவளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ராஜேந்திரனின் இருபதாம் ஆட்சியாண்டுத் திருவாரூர்க் கல்வெட்டு சொல்வதை முதலில் கேளுங்கள். வீதிவிடங்கர் கோயில், அதாவது இன்று நாம் தியாகராசர் சந்நிதி என்று வணங்குவது, ராஜேந்திரனின் 'அணுக்கியார் பரவை நங்கையார்' கற்றளியாக எடுப்பித்தது. 1030 வாக்கில் அந்தத் திருப்பணி நடந்தது. விமானத்துக்கும் வாயிலுக்கும் பொன் வேய்ந்தார். அதற்குச் சென்ற பொன் இருபதாயிரம் கழஞ்சுக்கு மேல். ஒரு கழஞ்சு ஏறத்தாழ 5 கிராம் என்று கொண்டால், நூறு கிலோவுக்குக் குறையாது. கதவுகளுக்கும் தூண்களுக்கும் போர்த்திய செம்பு நாற்பதாயிரம் பலத்துக்கு மேல். திருப்பணி முடிந்தபின் அரசன் பரவை நங்கையோடு தேரில் வந்து இறங்கிக் கோயிலுக்குள் சென்று வழிபட்டான். இருவரும் நின்று வணங்கிய இடம் பின்னால் வருவோருக்குத் தெரிய வேண்டும் என்று அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டது. இத்தனையும் ஒளிவுமறைவின்றிக் கல்லில் பதிவாகியிருக்கின்றன.

இந்தப் பெண்ணை நாம் எப்படி அழைக்கிறோம்? 'ராஜேந்திரனின் ஆசைநாயகி' என்கிறது ஒரு நூல். 'காமக்கிழத்தி' என்கிறது இன்னொன்று. மேடைப் பேச்சில் கூச்சப்பட்டு 'தேவி' என்றும் 'அரசி' என்றும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். முதல் இரண்டு பெயர்களும் அவளைத் தாழ்த்துகின்றன. மூன்றாவது அவளைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு அவள் யாராக இருந்தாளோ அதை அழிக்கிறது. மனைவியா, வைப்பாட்டியா என்ற கேள்வியே இந்தக் கல்வெட்டுக்குப் பொருந்தாத கேள்வி என்பது என் துணிபு. ஓர் அரசனோடு நெருங்கி வாழ்ந்த பெண்ணின் நிலையை அளக்க வேண்டுமானால், அவள் கழுத்தில் தாலி இருந்ததா என்று பார்ப்பதைக் காட்டிலும் அவள் கையில் என்ன இருந்தது, அதை யார் பெயரில் அவள் செலவழித்தாள் என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். அணுக்கம் என்றால் நெருக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் திருஅணுக்கன் திருவாயில் என்று ஒரு வாயில் உண்டு, இறைவனுக்கு மிக அருகில் இருக்கும் வாயில் அது. அரசனின் பக்கத்திலேயே இருப்பவன் அணுக்கன், அப்படி இருப்பவள் அணுக்கி. இச்சொல்லில் உடலுறவைச் சுட்டும் கூறு எதுவும் இல்லை, இழிவும் இல்லை. 'ஆர்' விகுதி சேர்ந்து மரியாதைப் பன்மையாகவே வருகிறது. அப்படியானால் அவள் வெறும் அரண்மனைப் பணியாளாக இருந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பணியாள் என்ற விளக்கம் அரசனோடு ஒரே தேரில் வருவதையும், இருவர் நின்ற இடத்துக்கு ஒரே விளக்கு வைப்பதையும் தாங்காது. கணவன் மனைவி போலச் சேர்ந்து நின்று வணங்கும் உரிமை அவளுக்கு ஊரறிய இருந்தது. ஆனாலும் கல்வெட்டு அவளை அரசனின் 'தேவியார்' என்று எழுதவில்லை. ராஜேந்திரனுக்குப் பட்டத்து அரசியர் பலர் இருந்தார்கள், அவர்களை எழுத வேண்டிய இடத்தில் உரிய பெயராலேயே எழுதியவர்கள் சோழ நாட்டு எழுத்தர்கள். சொற்களைக் கலந்தடிக்கிறவர்கள் அல்லர். தேவி வேறு, அணுக்கி வேறு, இரண்டும் மதிப்புள்ள நிலைகள் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. அந்தத் தெளிவை இழந்தவர்கள் நாம்தான்.

இதன் பொருள் இன்னும் விளங்க, கடல் கடந்து ஒரு நாட்டைப் பார்க்கலாம். டியூடர் மரபில் வந்த எட்டாம் ஹென்றி 1509 முதல் 1547 வரை இங்கிலாந்தை ஆண்டவன். ஆறு பேரை மணந்தவன் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மணக்காமல் அவனோடு வாழ்ந்தவர்களில் எலிசபெத் பிளவுண்ட் என்ற பெண் 1519இல் அவனுக்கு ஓர் ஆண் மகவைப் பெற்றாள். ஹென்றி ஃபிட்ஸ்ராய் என்று பெயரிட்டு அரசன் அவனைத் தன் மகனாக ஏற்றான். 1525இல், ஆறு வயதில், அவனுக்கு ரிச்மண்ட் பிரபு என்ற பட்டமும் கிடைத்தது. தாய்க்கு என்ன கிடைத்தது? கில்பர்ட் டெயில்பாய்ஸ் என்பவனுக்கு மணம் செய்து கொடுத்தார்கள். அவன் 1530இல் இறந்ததும் கிளிண்டன் பிரபுவை மறுமணம் செய்துகொண்டாள். மகன் ஃபிட்ஸ்ராய் 1536இல் பதினேழு வயதில் இறந்துபோனான். எலிசபெத்தின் வரலாறு முழுவதும் இரண்டு கணவர்களின் வரலாற்றுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

மேரி பொலினின் கதை இதைவிடத் துலக்கமானது. பின்னாளில் அரசியாகி 1536 மே 19 அன்று தலை வெட்டப்பட்ட ஆன் பொலினின் உடன்பிறந்தவள் அவள். 1520 பிப்ரவரியில் வில்லியம் கேரி என்ற அரண்மனைப் பணியாளரை மணந்தாள், திருமணத்துக்கு அரசனே வந்திருந்தான். அவள் அரசனோடு நெருக்கமாக இருந்த ஆண்டுகளில் மானியமாக நிலங்கள் வந்தன, ஆனால் அவை வந்தது கேரியின் பெயருக்கு. கேத்தரின், ஹென்றி என்று இரண்டு பிள்ளைகள். அவர்களுக்குத் தந்தை கேரியா அரசனா என்று இன்றுவரை வரலாற்றாசிரியர்கள் வாதாடுகிறார்கள். 1528இல் வியர்வைக் கொள்ளைநோயில் கேரி இறந்ததும் மேரி கையில் பணமில்லாமல் நின்றாள். மகனின் பாதுகாவல் உரிமை அவள் தங்கை ஆனிடம் போயிற்று. 1534இல் வில்லியம் ஸ்டாஃபர்ட் என்ற சாதாரணப் போர்வீரனைத் தன் விருப்பப்படி, யாரையும் கேளாமல் மணந்தாள். அதற்காகவே அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்டாள். அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லுக்கு அவள் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இந்தக் கணவனோடு பிச்சையெடுத்து உண்டாலும் உண்பேன், கிறித்தவ உலகின் மிகப் பெரிய அரசியாக இருக்க மாட்டேன் என்ற கருத்தை அதில் எழுதினாள். படிக்கும்போது மனம் கலங்குகிறது. அரசனுக்கு நெருக்கமாக இருந்த ஒரு பெண், தன் வாழ்வில் தானே எடுத்த ஒரே முடிவுக்காக மன்றாட வேண்டியிருந்தது.

இந்த இரு பெண்களின் குணத்தையோ அவர்கள் செய்த தேர்வையோ குறை சொல்ல நான் இதைக் கூறவில்லை. அந்த நாட்டின் சட்டம் அப்படி. மணமான பெண்ணின் உடைமை கணவன் வசம் போய்விடும். இந்த நிலையை மாற்றும் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் 1882இல்தான் அங்கே வந்தது. ஆகவே மணமான ஒரு பெண்ணுக்கு அரசன் ஏதாவது செய்ய நினைத்தாலும், அது பெரும்பாலும் அவள் கணவன் கையில்தான் போய்ச் சேர்ந்தது. திருமணம் அங்கே அந்தப் பெண்ணுக்கு அரணாகவும் இருந்தது, அவளை மூடும் திரையாகவும் இருந்தது. ஆரூர்க் கல்வெட்டிலோ பரவை நங்கைக்கும் அவள் கொடுத்த பொன்னுக்கும் நடுவே வேறொரு ஆணின் பெயர் வரவில்லை. இன்னான் மனைவி, இன்னான் மகள் என்ற அறிமுகம் அங்கே இல்லை. அரசனுக்கு அணுக்கி, அவ்வளவுதான். அதன்பின் வினை முழுவதும் அவளுடையது: எடுப்பித்தாள், வேய்ந்தாள், கொடுத்தாள்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். அத்தனை பொன்னும் ராஜேந்திரனுடைய பொன்தானே, கங்கை வரை சென்று கொண்டுவந்த செல்வத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு அவள் பெயரை வெட்டச் சொல்லியிருப்பான், அவ்வளவுதானே என்பார்கள். பொன் எங்கிருந்து வந்தது என்று கேட்பதானால் எல்லோரிடமும் ஒரே அளவில் கேட்க வேண்டும். கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவியார் செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றினார். அவற்றில் ஒன்று இதே திருவாரூர்க் கோயிலுக்குள் இருக்கும் அரநெறிக் கோயில். அதற்கான பொன் கணவர் குலத்துப் பொன்தானே என்று சொல்லி அவர் பெயரை நாம் நீக்குவதில்லை. ஒரே வளாகத்துக்குள் ஒரு பட்டத்தரசி ஒரு கற்றளி எடுத்தார், ஓர் அணுக்கி இன்னொன்று எடுத்தாள். இருவரையும் கல் ஒரே முறையில்தான் பதிவு செய்கிறது. அரசன் கொடுத்தது அவள் கையில் சேர்ந்தபின் அது அவளுடையது, எதற்குச் செலவிடுவது என்பதும் அவள் முடிவு, இந்த ஒப்புதல்தான் முக்கியம். சோழர் காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் இந்தச் சுதந்திரம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. பிராமணப் பெண்கள் நிலம் விற்கும்போது 'முதுகண்' என்று ஓர் ஆண் உடனிருக்க வேண்டியிருந்ததைக் கல்வெட்டுகளே காட்டுகின்றன. ஒழுங்கான திருமண அமைப்புக்குள் இருந்த பெண்ணுக்கு ஆண்துணை தேவைப்பட்டது. அதற்கு வெளியே நின்ற அணுக்கியின் கொடையில் அப்படி ஒரு துணை தெரியவில்லை. இது நம்மை யோசிக்க வைக்க வேண்டும்.

அரசனின் மனைவியரை எதற்காக நினைவில் வைத்திருக்கிறோம் என்பதையும் பாருங்கள். 1044இல் ராஜேந்திரன் மறைந்தபோது அவன் தேவியருள் ஒருத்தியான வீரமாதேவி அவனோடு தீப்பாய்ந்து இறந்தாள். செய்யாற்றுப் பகுதியில் உள்ள பிரம்மதேசத்துக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. இறந்த இருவரின் தாகம் தணிய வேண்டும் என்று வீரமாதேவியின் அண்ணன் அங்கே தண்ணீர்ப் பந்தலுக்கு அறக்கட்டளை வைத்தான். ஓர் உடன்பிறந்தவனின் துயரம் அந்தக் கல்லில் ஈரமாகவே நிற்கிறது. ராஜராஜனின் தேவி பஞ்சவன் மாதேவிக்கு, அவள் சிற்றன்னை முறையானதால், பழையாறையில் ராஜேந்திரனே பள்ளிப்படை எடுத்தான். ஒருத்தி தான் இறந்த விதத்தால் நினைக்கப்படுகிறாள், இன்னொருத்தி தன் இறப்புக்குப்பின் மகன் முறையானவன் எடுத்த கோயிலால் நினைக்கப்படுகிறாள். பரவை நங்கை உயிரோடு இருந்தபோது தான் செய்ததால் நினைக்கப்படுகிறாள். தேவியரைவிட அணுக்கி உயர்ந்தவள் என்று இதற்குப் பொருளில்லை. அந்தக் காலத்து மனைவி என்ற நிலை ஒரு பெண்ணிடம் எவ்வளவு பெரிய விலையைக் கேட்டது என்பதை மறந்துவிட்டு, மனைவி அல்லாதவளை இரக்கத்தோடும் ஏளனத்தோடும் பார்ப்பது நியாயமில்லை என்கிறேன்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. ஒரு பரவையைக் காட்டிச் சோழ அரண்மனைக்குப் பொன் பூசுகிறீர்களா, வேளத்துப் பெண்களை மறந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. தோற்ற நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண்களை அரண்மனை சார்ந்த குடியிருப்புகளில் வைத்து வேலை வாங்கினார்கள், அந்தக் குடியிருப்புக்கு வேளம் என்று பெயர். பகையரசர்களின் பெண்டிரைச் சிறைபிடித்ததைச் சோழர் மெய்க்கீர்த்திகளே வெற்றியாகப் பாடுகின்றன. அதைப் படித்துப் பெருமைப்பட நம்மில் ஒருவருக்கும் உரிமையில்லை. தாய்நாடும் தாய்மொழியும் சுற்றமும் பறிபோன அந்தப் பெண்களில் யாருக்கும் விருப்பம் என்ற ஒன்று கேட்கப்பட்டிருக்காது. பரவையின் நிலை அவர்களுக்கு வாய்க்கவில்லை என்பதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அளவுகோலை அவர்களிடமும் வைத்துப் பாருங்கள். 'வேளத்துப் பெண்டாட்டி' என்ற அடையாளத்தோடு கோயில்களில் விளக்கெரிக்கக் கொடை கொடுத்த பெண்களின் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. எல்லாம் இழந்த ஒருத்தி, ஒரு நந்தாவிளக்குக்கு ஆடு கொடுத்துத் தன் பெயரைக் கல்லில் ஏற்றினாள். கொடுமையை அந்தக் கொடை துடைத்துவிடாது. ஆனால் அந்தக் கல் இல்லாவிட்டால் அவள் இருந்தாள் என்பதே நமக்குத் தெரிந்திராது. வைப்பாட்டி, அடிமை என்ற ஒரு சொல்லுக்குள் அவளை மூடிவிட்டுப் போவது அவளுக்கு இரண்டாம் முறையாக நாம் இழைக்கும் தீங்கு.

திருமணத்தின் மதிப்பை இது குறைக்காதா என்று வருந்துகிறவர்களுக்கு, இந்த ஊர் வழியாகவே போன ஒரு கதையை நினைவூட்டுகிறேன். சுந்தரர் திருவாரூரில் பரவையாரை மணந்தவர், திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணந்தவர். பிரியேன் என்று சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பரவையாரை நாடிப் புறப்பட்டபோது கண்ணிழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, பார்வையற்ற நிலையில் வந்து பழையனூர் ஆலங்காட்டைப் பாடினார். காரைக்கால் அம்மையார் தலையால் வலம்வந்த இந்த ஆலங்காட்டின் அயலில் அவர் தங்கினார் என்கிறது பெரியபுராணம். பிறகு காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறுகண்ணும் பெற்றார். ஆனால் பரவையார் கதவைத் திறக்கவில்லை. கோபம் தணிக்க இறைவனே இரண்டு முறை தூது நடக்க வேண்டியிருந்தது. புண்பட்ட ஒரு பெண்ணின் 'மாட்டேன்' என்ற சொல்லுக்குத் தமிழ் பக்தி மரபு கொடுத்த இடம் அது. உருத்திர கணிகையர் குலத்தில் பிறந்த அந்தப் பரவையாரின் பெயரைத் தாங்கிய ஒரு பெண், அவர் வாழ்ந்த அதே ஆரூரில் இறைவனுக்குக் கற்றளி எடுத்தாள் என்பதை அக்கால மக்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள்? குலத்தையும் சடங்கையும் விட, ஊருக்கும் கோயிலுக்கும் ஒருத்தி என்ன உறவு என்பதையே அவர்கள் முதலில் நினைத்திருப்பார்கள் என்று கருதுகிறேன். அவளால் பரவையாரின் பெயருக்குக் களங்கம் வந்ததாக அவர்கள் எண்ணியிருந்தால் அந்தக் குத்துவிளக்கு அங்கே நின்றிருக்காது.

பிறகு எப்போது நம் பார்வை இப்படிக் குறுகியது? தஞ்சை மராத்தியர் காலத்தில்கூடப் பழைய வழக்கத்தின் மிச்சம் இருந்தது. இரண்டாம் சரபோஜி மன்னர், தம்மோடு மனைவியாகாமல் வாழ்ந்து மறைந்த முக்தாம்பாளின் பெயரில் 1802இல் ஒரத்தநாட்டில் பெரிய சத்திரம் எழுப்பினார். அங்கே வழிப்போக்கர்கள் உணவும் தங்க இடமும் பெற்றார்கள், பிள்ளைகள் கல்வி பெற்றார்கள். ஆனால் அவர் மகன் சிவாஜி 1855இல் இறந்ததும் நிலைமை மாறிற்று. அரசைக் கும்பினியார் எடுத்துக்கொண்டார்கள். மங்கள விலாசம் என்ற மாளிகையில் வாழ்ந்த, அரசனைச் சார்ந்த பெண்களின் நிலை பெருங்கேள்வியானது. அவர்கள் வாளை வைத்து மணந்த மனைவியரா, வைப்பாட்டிகளா என்ற வாதம் 1920களில் சென்னை உயர் நீதிமன்றம் வரை இழுபட்டது. சொத்துக்காக நடந்த வழக்கு அது, அதில் யாரையும் குறை கூற முடியாது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டே கட்டங்கள்தான் தெரிந்தன. மனைவி என்றால் பங்கு, இல்லை என்றால் பிழைப்பூதியம். நீதிமன்றத்துக்குத் தேவைப்பட்ட அந்த இரு கட்டங்களை வரலாறு எழுதியவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஆரூர்க் கல்லின்மீது பொருத்திவிட்டார்கள். அணுக்கியார் என்ற சொல் அந்தக் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. அதனால் அதை வேறு சொல்லாக மாற்றிவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. ராஜேந்திரனுக்குப் பின் அரியணை ஏறியவன் ராஜாதிராஜன். இந்த ஆலங்காட்டுச் செப்பேட்டின் காலமான 1018 முதலே தந்தையோடு சேர்ந்து ஆட்சிப் பொறுப்பேற்றவன், பட்டத்துக்கு உரிய மகன். தந்தையின் அணுக்கியை மறைப்பதற்கு அவனுக்கு எல்லாக் காரணமும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. மாறாக, அவன் ஆட்சியில்தான் ராஜேந்திரன் திருமேனியும் பரவை நங்கை திருமேனியும் வழிபாடு பெற நிவந்தம் செய்யப்பட்டது. பெற்ற மகன் கூசாத இடத்தில், ஆயிரம் ஆண்டு கழித்து நாம் ஏன் கூச வேண்டும்? பாடநூல் எழுதுவோரையும், கோயில் வரலாறு அச்சிடுவோரையும், வழிகாட்டிப் பலகை வைப்போரையும் ஒன்றே கேட்டுக்கொள்கிறேன். அரசி என்று உயர்த்த வேண்டாம், ஆசைநாயகி என்று தாழ்த்தவும் வேண்டாம். கல்லில் உள்ளபடியே 'அணுக்கியார் பரவை நங்கையார்' என்று எழுதுங்கள்.